அரம் தின்ற லாக்

சுட்டுச் சுட்டே தேய்ந்துபோன துப்பாக்கி லாக் (துப்பாக்கியைச் சுடவைக்கும் உள்பொறி) என்று சொல்லத்தக்க ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வாய்வழியே வெடிமருந்தும் ரவையும் போட்டுக் கெஜக்கோலால் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் எங்கள் கடைக்கு வரும்போது, அவற்றின் லாக்கில் தென்படும் குறைகளில் பெரும்பாலானவை உபயோகத்தால் வந்தவையாக இருப்பதில்லை. பொருந்தாத திருப்புளியாலும், போகக் கூடாத இடத்தில் ஓடிய அரத்தாலும், இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாலும் வந்தவை அவை. அண்மையில் ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியில் இது கண்ணுக்கெதிரே தெரிந்ததால், அந்த வேலையை முழுமையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வேலைக்குள் போகுமுன் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, அதைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. வேலூரில் பெரியப்பா நடத்திவந்த கடைக்கு அந்த உரிமம் இருந்தது. அவருக்குப் பின் என் பெயரில் வாங்கியிருக்கிறேன். பரணில் தாத்தாவின் துப்பாக்கி இருக்கிறது, இதைப் படித்துவிட்டு நானே பிரித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பழங்காலப் பொருள் என்பதாலேயே சட்டம் விட்டுவிடும் என்பதும் சரியல்ல. பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. மலையில் சாமையும் வரகும் போடும் விவசாயிகள் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்குச் சட்டத்திலேயே தனியாக இடம் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு காட்டு விலங்கைச் சுடலாம் என்று அதற்குப் பொருளில்லை. அங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பெரும்பாலும் இவை வெறும் மருந்தின் சத்தத்தால் காட்டுப்பன்றிகளைக் கலைப்பதற்கே பயன்படுகின்றன.

வந்த துப்பாக்கி கேப்பு வைத்துச் சுடும் வகை. குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்துகளாலான பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரச் சோதனை முத்திரை தெளிவாக இருந்தது. கேப்பு வகை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது இரு தரப்பார் கையிலும் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லை எஃகில் உரசித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிகள். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1807இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் ஃபார்சைத் என்ற பாதிரியார், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கிக்குத் தீ மூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் அந்த மருந்து சிறிய செப்புக் குப்பிக்குள் அடங்கிக் கேப்பாக மாறியது. குழலின் அடிப்பக்கத்தில் நிற்கும் துளையுள்ள சிறு முளையான நிப்பிளின் தலையில் கேப்பைச் செருகினால், குதிரை எனப்படும் சுத்தியல் போன்ற துண்டு வந்து அதை அடிக்கிறது. தீ நிப்பிளின் துளை வழியாகக் குழலுக்குள் இறங்குகிறது. குதிரையை இழுத்து நிறுத்துவதும், நிறுத்தியதை விசை அழுத்தியவுடன் விடுவதும்தான் லாக்கின் மொத்த வேலையும்.

துப்பாக்கியைக் கொண்டுவந்த பெரியவர் குறையை ஒரே வரியில் சொன்னார்: “வலப்பக்கக் குதிரை பாதியில நிக்க மாட்டேங்குது சார், தோள்ல மாட்டிக்கினு நடக்கவே பயமா இருக்குது.” அவருடைய பயம் நியாயமானது. கேப்பு செருகிய துப்பாக்கியில் குதிரையைக் கேப்பின் மேலேயே படுக்கவைத்துக்கொண்டு நடந்தால், கல்லிலோ மரத்திலோ ஓர் அடி பட்டாலே வெடித்துவிடும். அதனால் குதிரையைச் சற்றே தூக்கி அரை நிலையில் நிறுத்துவார்கள். அந்த நிலையில் விசையை எவ்வளவு அழுத்தினாலும் குதிரை விழக் கூடாது. இந்தத் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் அழுத்தவே தேவையில்லை, தொட்டாலே விழுந்தது.

பிரிப்பதற்கு முன் குழல் காலியா என்று பார்ப்பது முதல் வேலை. கெஜக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயோரத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, அதே அளவைக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால் கோலின் முனை நிப்பிளின் அடிப்பாகம் வரை வர வேண்டும். வலக் குழலில் வந்தது. இடக் குழலில் மூன்று விரற்கடைக்கு மேல் குறைந்தது. காலியாகத்தான் இருக்கிறது என்று பெரியவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய அண்ணன் எப்போதோ கெட்டித்து வைத்ததை அவர் அறிந்திருக்கவில்லை. ஈரம் படாத கரிமருந்து எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் வீரியம் குறையாது. எனவே வாய்வழியாகவும் நிப்பிளைக் கழற்றிய துளை வழியாகவும் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவைத்து, கெஜக்கோலின் முனையில் மாட்டும் திருகுமுள்ளால் துணி அடைப்பையும் ரவையையும் கரைந்த கரிச் சேற்றையும் வெளியே இழுத்தேன். இந்தச் சோதனையை நான் யார் வார்த்தையையும் நம்பி விடுவதில்லை. வரும் துப்பாக்கி எல்லாவற்றுக்கும், அது மாலை போட்டுச் சுவரில் தொங்கியதாக இருந்தாலும், கெஜக்கோல் உள்ளே போய்த்தான் வரும்.

இனி லாக். இந்த வகை இரட்டைக்குழலில் இரு லாக்குகளையும் ஒரே நீண்ட திருகாணி பிடித்திருக்கும். அதன் தலை இடப்பக்கத்தில், மரை வலப்பக்க லாக்கைத் தாங்கும் தட்டில். குதிரைகள் நிப்பிளின் மேல் படுத்திருந்தால் லாக் வெளியே வராது, ஆகவே குதிரையைத் தூக்கி வைக்க வேண்டும். வலக்குதிரை அரை நிலையில் நிற்காததால் அதை முழு நிலைக்கு இழுத்தேன். பிறகு திருகாணியைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால், மறுமுனை வலத் தட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து நேராக வெளியே தள்ளும். இதைச் செய்யாமல் தட்டின் ஓரத்தில் திருப்புளியைச் செருகி நெம்புகிறவர்கள்தான் அதிகம். இந்தத் துப்பாக்கியின் கட்டையிலும் தட்டைச் சுற்றி ஓரம் பிய்ந்த தழும்புகள் நிறைய இருந்தன. வேலூர் வெயிலில் வால்நட் கட்டை வேறு சுருங்கி, தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கத்திரி வெயில் நாளில் வந்த துப்பாக்கியை நான் உடனே பிரிப்பதில்லை. ஓரத்தில் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் நிழலில் கிடக்கவிட்டுத்தான் கை வைப்பேன்.

திருப்புளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் இருக்கும்; பழைய திருகாணியின் பள்ளமோ மெல்லியதாகவும் சுவர்கள் நேராகவும் இருக்கும். ஆப்பு உள்ளே போனதும் மேல் விளிம்பில் மட்டும் பிடித்து, திருப்பும்போது பள்ளத்தின் உதட்டைக் கிழித்துவிடும். ஒவ்வொரு திருகாணிக்கும் நுனியைத் தனியாகத் தேய்த்துப் பொருத்திக்கொள்வதே சரியான வழி. துருப் பிடித்து அசையாத திருகாணிக்கு மண்ணெண்ணெயில் ஊறல் போட்டு, ஈயப் பற்றவைப்புக் கோலின் சூட்டைத் தலையில் சிறிது நேரம் வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். தேர்தல் வந்தாலே உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், எங்களிடம் வருபவற்றில் பாதி, மாதக்கணக்கில் ஏதோ ஒரு மூலையில் சாய்ந்துகிடந்து துருவேறியவை. இதுவும் அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்த லாக்கைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில துண்டுகள்தாம். குதிரையின் அச்சோடு சேர்ந்து சுழலும் துண்டு டம்ளர். அதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள், ஒன்று அரை நிலைக்கு, மற்றது முழு நிலைக்கு. அந்த வெட்டுகளில் மூக்கை நுழைத்துக் குதிரையை நிறுத்துவது சியர். இரண்டுக்கும் மேலே பாலமாக நின்று அச்சுகளைத் தாங்குவது பிரைடில். முன்னால் ‘வி’ வடிவில் மடிந்த மெயின் ஸ்பிரிங், ஒரு சிறு கொக்கியால் டம்ளரோடு இணைந்திருக்கும். சியரை வெட்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்க இன்னொரு சிறிய ஸ்பிரிங்.

மெயின் ஸ்பிரிங்கைக் கழற்றுவதில்தான் விரல்களும் ஸ்பிரிங்குகளும் உடைகின்றன. குதிரையை முழு நிலைக்கு இழுத்தால் ஸ்பிரிங்கின் இரு கைகளும் நெருங்கிவிடும். அந்த நிலையிலேயே சிறு கவ்வியை அதன் மேல் பொருத்தி, கைகளைத் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு சியரை அழுத்திக் குதிரையைக் கையால் பிடித்தபடியே கீழே விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். முழு நிலையில் அது எவ்வளவு மடங்குமோ அதற்கு மேல் ஒரு நூல் கூட அதை மடக்கக் கூடாது. நூறாண்டுக்கு மேல் ஒரே அளவுக்கு மடங்கிப் பழகிய எஃகு, கூடுதலாகக் கேட்டால் வளைவில் முறிந்துவிடும். இடுக்கியால் பிடித்து இழுப்பவர்கள் அந்த வளைவிலேயே பல்தடம் பதித்துவிடுகிறார்கள். விரிசல் பிறகு அந்தத் தடத்திலிருந்துதான் தொடங்கும்.

சிறிய ஸ்பிரிங், பிரைடில், சியர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, துளையிட்ட பலகையில் அவரவர் திருகாணியோடு நிற்கவைத்தேன். அந்தக் காலத்துத் திருகாணிகள் கையால் மரை வெட்டப்பட்டவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் துளையில் மற்றது பொருந்தாது. கடைசியாகக் குதிரை. அதன் திருகாணியைக் கழற்றிய பின், தட்டை ஒரு மரத்துண்டின் மேல் தாங்கி, டம்ளரின் சதுர அச்சைப் பித்தளைத் தண்டால் வெளிப்பக்கத்திலிருந்து தட்டினால் டம்ளர் உட்பக்கமாக இறங்கும். குதிரையின் மேல் சுத்தியல் படவே கூடாது.

டம்ளரை மண்ணெண்ணெயில் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. இரண்டு விசைகளில் முன்னது வலக்குழலுக்கு என்பதால், இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் வலக்குழலையே அதிகம் சுடுவார்கள். ஆகவே வலப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க இடலாக்கையும் பிரித்தேன். அதன் டம்ளரில் வெட்டுகள் இரண்டும் வார்த்தெடுத்தவை போல் கூர்மையாக நின்றன. அரை நிலை வெட்டின் உதடு, சியரின் மூக்கு சரிந்து வெளியேற முடியாதபடி நன்றாக முன்னால் வளைந்து நின்றது. மேற்பரப்பில் பழைய கடினப்படுத்தலின் சாம்பல் நிறம் கூட மாறவில்லை. வலப்பக்க டம்ளரில் முழு நிலை வெட்டின் முகத்தில் குறுக்காக அரத்தின் பற்கள் ஓடிய கோடுகள். வெட்டின் ஆழம் இடப்பக்கத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. அரை நிலை வெட்டின் உதடு ஒடிந்து, முனை மழுங்கிப் பளபளத்தது.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர், விசை கனமாக இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னதைக் கேட்டு, முழு நிலை வெட்டை அரத்தால் இழைத்து ஆழத்தைக் குறைத்திருக்கிறார். விசையும் இலேசாகிவிட்டது, உரிமையாளரும் மகிழ்ந்திருப்பார். ஆனால் வெட்டின் ஆழம் குறைந்தால், விசையை அழுத்தும்போது சியரின் மூக்கு வெட்டின் விளிம்பை மட்டும் தாண்டிவிட்டு நின்றுவிடும். டம்ளரோ முழு வேகத்தில் சுழன்று வரும். வழியில் அரை நிலை வெட்டின் உதடு வந்து அந்த மூக்கில் மோதும். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு மோதல். முதலில் மூக்கு நசுங்கும், பிறகு உதடு ஒடியும். முழு நிலையில் அரம் வைத்தவர் கெடுத்தது அரை நிலையை. அவர் கை படாத இடத்தில்தான் துப்பாக்கி உடைந்திருக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. இந்தப் பழைய டம்ளர்கள் முழுவதும் எஃகு அல்ல. மென்மையான இரும்பில் வெட்டி, மேல்தோலை மட்டும் கரியேற்றிக் கடினப்படுத்தியவை. முறுக்கின் மேல்தோல் போல் மொறுமொறுப்பு வெளியில் மட்டும்தான். அரம் அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் உள்ளிருக்கும் மெது இரும்புதான் சியரைத் தாங்க வேண்டும். அது சில நாளிலேயே தேய்ந்து, மறுபடி அரத்தைக் கேட்கும்.

உடைந்த உதட்டில் பற்றவைப்பால் உலோகம் ஏற்றி மீண்டும் வெட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அச்சு வளையும் என்பதோடு, பழைய இரும்பில் கசடு இழைகள் ஓடியிருக்கும் என்பதால் ஏற்றிய உலோகம் எவ்வளவு பிடித்தது என்பது வெளியே தெரியாது. உயிர் ஊசலாடும் இடத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. புது டம்ளரே செய்தேன்.

அளவுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. இடப்பக்க டம்ளரைக் குப்புறத் திருப்பினால் அதுவே வலப்பக்கத்தின் உருவம். மெது எஃகு உருளையை லேத்தில் கடைந்து, ஒருபுறம் பெரிய அச்சும் மறுபுறம் பிரைடிலுக்குள் போகும் சிறிய அச்சும் எடுத்து, நடுவே நின்ற வட்டத்தில் இடப்பக்க டம்ளரைக் கவிழ்த்துவைத்துச் சுற்றிக் கோடு கீறினேன். அச்சு தட்டின் துளைக்குள் ஆட்டமில்லாமல், ஆனால் தன் எடையிலேயே சுழலும்படி அமைய வேண்டும். அடுத்தது குதிரை உட்காரும் சதுரம். இது முழுக்கக் கை அரத்தின் வேலை. சதுரம் சில பாகை திரும்பிவிட்டாலும் குதிரை நிப்பிளின் நடுவில் விழாமல் விளிம்பில் விழும். அதனால் சதுரத்தை முடித்து, குதிரையை ஏற்றி, அது நிப்பிளின் தலையில் நேராகப் படுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டுகளின் இடத்தைக் குறித்தேன்.

வெட்டுகளை ஒரு பக்கம் பல் இல்லாத மெல்லிய அரத்தால் எடுத்தேன். முழு நிலை வெட்டின் முகம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில்தான் விசையின் குணம் முழுவதும் இருக்கிறது. முகம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் மெயின் ஸ்பிரிங்கின் வேகமே சியரை வெளியே தள்ளிவிடும். உட்பக்கமாக அதிகம் சாய்ந்தால் சியர் வெளியேறும்போது குதிரையைச் சற்றுத் தூக்கிக்கொண்டே வர வேண்டியிருப்பதால் விசை கல்லாகக் கனக்கும். ஆழத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: சியர் முழு நிலை வெட்டிலிருந்து வெளியேறிய கணத்தில் அதன் மூக்கு, அரை நிலை உதட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சியரின் மூக்கில் அரம் வைக்கவில்லை. நசுங்கிய விளிம்பை எண்ணெய்க் கல்லில் மட்டும் தேய்த்து நேராக்கினேன்.

கடினப்படுத்துவதற்கு இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது. எலும்புக் கரியோடு கருக்கிய தோல் துண்டுகளையும் சேர்த்து, இரும்புப் பெட்டியில் அடைத்து, களிமண்ணால் பூசி உலையில் வைப்பது துப்பாக்கிக் கொல்லர்களின் பழைய முறை. வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் குரோமில் பதனிட்ட தோலை எரிக்கக் கூடாது, அதன் புகையும் சாம்பலும் நஞ்சாகலாம். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலாகப் பார்த்து வாங்குவேன். பெட்டி சிவந்து சில மணி நேரம் நின்றபின் டம்ளரைத் தண்ணீரில் தோய்த்து, அச்சு நொறுங்காமல் இருப்பதற்காக மீண்டும் 220 டிகிரி செல்சியஸ் அளவில், வெளிர் பொன்னிறம் படரும் வரை சூடாக்கி ஆறவிட்டேன். பிறகு வெட்டின் மேல் அரத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும்; ஓடியது.

பூட்டுவது பிரித்ததன் தலைகீழ் வரிசைதான், அதை விரிக்கவில்லை. சோதனை மூன்று. அரை நிலையில் விசையைக் கைவலிக்க அழுத்த வேண்டும், குதிரை அசையக் கூடாது. முழு நிலையில் குதிரையின் முதுகைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ள வேண்டும், வழுக்கக் கூடாது. குதிரையை மெதுவாக விட்டுக்கொண்டே வரும்போது சியர் உதட்டில் உரசும் ஓசை கேட்கக் கூடாது. விசையின் கனத்தை வில் தராசில் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுமார் 2 கிலோவில் விடுகின்றன. இதற்கும் குறைத்துத் தரச் சொல்லி வந்தால் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். குதிரையை வெறும் நிப்பிளின் மேல் விடாமல், நடுவில் தோல் துண்டு வைத்தே சோதித்தேன்.

பெரியவரிடம் சொல்லியனுப்பியவை சில. லாக்குக்குள் தேங்காய் எண்ணெய் வேண்டாம். மலைக் குளிரில் அது உறைந்து குதிரையை மந்தமாக்கும். தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் அச்சுகளுக்கு ஒரு சொட்டு விட்டால் போதும். சுட்ட பின் குழலையும் நிப்பிளையும் வெந்நீரால்தான் கழுவ வேண்டும், ஏனென்றால் கரிமருந்து விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எண்ணெயின் அடியிலேயே இரும்பைத் தின்னும். தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன் வெளிப்புறமெல்லாம் கிரீஸ் பூசி, காலி என்பதைக் கெஜக்கோலால் காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். இடப்பக்க லாக்கைக் கழுவித் திரும்பப் பூட்டியதோடு சரி, அதில் வேறெதுவும் செய்யவில்லை. நிப்பிள்கள் இரண்டின் துளையும் அகன்றிருக்கின்றன. அளவு எடுத்து வைத்திருக்கிறேன், அறுவடை முடிந்து அவர் கொண்டுவரும்போது மாற்ற வேண்டும்.